மிஞ்சிப்போன நட்டு

தயாபரன் தன்னுடைய பழைய சொகுசுக் காரை எந்த மெக்கானிக்கிடமும் விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே எதையாவது கழற்றுவார். திரும்ப மாட்டி முடிக்கும்போது ஒரு நட்டாவது மிஞ்சிவிடும். அதைக் காருக்குள் இருக்கும் ஆஷ்ட்ரேயில் போட்டு மூடிவிடுவார்.

அன்று மிஞ்சிய குட்டி நட்டு உள்ளே விழுந்ததும் புலம்பியது. "கதவுக்குள்ள இருக்கவேண்டியவன் நான். இங்க போட்டுட்டாரே. உங்களுக்குக் கோபமே வராதா ஐயா?"

"பழகிப்போச்சுப்பா," என்றது கார். "என் அடியில படுத்துக்கிட்டுப் பாடுவார். பாட்டும் சரியா வராது, வேலையும் சரியா வராது. ஆனா எனக்காக வேற யார் மண்ணுல படுக்கிறாங்க? நாளைக்கு என்னை விக்கப்போறாங்களாம். அதுதான் மனசு கேட்கலை."

மறுநாள் தயாபரனின் மனைவி வரச்சொன்ன ஆள் வந்து காரை ஓட்டிப் பார்த்தார். வண்டி நகர்ந்ததும் குட்டி நட்டு எம்பிக் குதித்தது. மற்ற நட்டுகளும் சேர்ந்து குதித்தன. கடகடவென்ற சத்தத்தில் வந்தவர் தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டார்.

"என்ன சத்தம்னே தெரியலைங்க," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தயாபரன், ரொம்ப வருத்தமாக.

வண்டி வீட்டுக்குத் திரும்பியதும் வாசலிலிருந்து மனைவி சொன்னாள்: "நாளைக்கு இன்னொருத்தர் பார்க்க வர்றார்."

தயாபரன் தலையாட்டினார். பிறகு ஆஷ்ட்ரேயை மெல்லத் திறந்து, சட்டைப்பையிலிருந்த இரண்டு பெரிய நட்டுகளையும் அதில் போட்டு மூடினார்.