நகக்கீறல்

விதைக்கு வைத்திருந்த சேனைக்கிழங்குகளில் ஒன்று அழுகிவிட்டது. நடுவதற்கு வேறு விதை கிடையாது. செல்லக்கிளி அந்த அழுகலை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, மற்றவற்றையும் ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்தாள். எல்லாம் உள்ளே வெளுப்பாக, கெட்டியாக இருந்தன.

"எல்லாத்துக்கும் நாடி பாத்துட்டேன். ஒண்ணுக்கும் நோய் இல்லங்க."

பூஞ்சை முழுத்தோலை எளிதில் துளைக்காது. அதற்கு ஒரு காயம் வேண்டும். சின்னக் கீறல் கிடைத்தால் போதும், நூல் நூலாக உள்ளே இறங்கிவிடும்.

கணவன் வீரணன் அவள் விரலைப் பிடித்துப் பார்த்தான். நகக்கண்ணில் கறுப்பாக அழுகல் ஒட்டியிருந்தது.

"கையக் கழுவிட்டா மத்ததக் கீறுன, வைத்தியச்சி?"

அவள் குவியலைப் பார்த்தாள். ஒவ்வொரு கிழங்கிலும் ஒரு கீறல், ஈரமாக.

"இப்பத் தொடச்சாக்கூடவா போகாது?" என்றவள், ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள், அதே கையால்.