ஏழு பத்துக்கு முனகும் எஞ்சின்

சரியாக ஏழு பத்துக்கு எஞ்சின் முனகியது.

சன்னாசி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒரு வாரமாக இதே நேரம், இதே முனகல். கொட்டகையில் தொங்கிய பல்பு மங்கியது. புகைக்குழாய் கறுப்பாகக் கக்கியது.

பக்கத்தில் குடையோடு நின்றிருந்த, தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் ஜெயபாலன் கிராணிக்குப் பொறுமை போய்விட்டது. துரை பங்களாவில் விளக்கு மங்குகிறதாம், எஞ்சின் எண்ணெயைக் குடித்துத் தீர்க்கிறதாம். கரண்டு திருடும் வீட்டை இன்றைக்கே கண்டுபிடித்து, கம்பியை வெட்டி, வெட்டிய துண்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அந்த வீட்டுக்கு ஒரு வருடம் விளக்கு கிடையாது. காட்ட முடியாவிட்டால் நாளையிலிருந்து சன்னாசி பழையபடி ரப்பர்ப் பால்மரம் சீவப் போகலாம்.

ஐம்பத்து மூன்று வயதில், கையைக் காதுவரைகூடத் தூக்க விடாத வலது தோளோடு மரம் சீவுவதா? நினைக்கவே அலுப்பாக இருந்தது.

அந்தத் தோளைத் தின்றதே இந்த எஞ்சின்தான். தினமும் ஆறரைக்கு அவன் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால்தான் அதற்கு உயிர் வரும். ஏழரைக்கு வீட்டுக்குப் போய் வெந்நீர் ஊற்றிக் குளித்தால்தான் அவனுக்கு உயிர் வரும்.

தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு பல்பு, நாற்பது வாட், அவ்வளவுதான் அனுமதி. சனங்களுக்கோ கரண்டு என்றால் ஆற்றுத் தண்ணீர் என்று நினைப்பு. அது பாட்டுக்குப் போகிறது, ஒரு கை அள்ளினால் குறைந்தா போகும்? அங்கே சூடு கேட்டால் இங்கே எஞ்சின் அதற்குண்டான வேலையைச் செய்தாக வேண்டும், சும்மா எதுவும் வராது என்று எத்தனை பேரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருப்பான். வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு பல்பு எரிந்தாலும் அணைந்தாலும் எஞ்சினுக்குத் தெரியாது. இது இருபத்தைந்து பல்புகளின் கனம்.

பலகையில் லயம் என்னும் வீட்டு வரிசைக்கு ஒன்றாக ஐந்து ஃப்யூஸ். முதலாவதைப் பிடுங்கினான். முனகல் நிற்கவில்லை. அதைச் செருகிவிட்டு இரண்டாவதைப் பிடுங்கினான். அப்போதும் நிற்கவில்லை.

மூன்றாவதைப் பிடுங்கியதும் எஞ்சின், மூட்டையை இறக்கி வைத்த ஆள் மாதிரி மூச்சு விட்டது.

அது அவன் குடியிருக்கும் லயம்.

ஃப்யூஸைத் திரும்பச் செருகிவிட்டு, பிளையரை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினான். சேற்றில் கால் வைக்க மனமில்லாத கிராணி கொட்டகையிலேயே நின்றுகொண்டார்.

விறகெல்லாம் நனைந்து கிடந்த மாதம். லயத்தில் இருந்தவை எட்டு வீடுகள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். ஏழு வீட்டிலும் பல்பு எரிந்தது. ஏழு அடுப்படியிலிருந்தும் ஈரப் புகை முட்டிக்கொண்டு வந்தது. ஏழாவது வீட்டு நவமணி இருமிக்கொண்டே அடுப்பை ஊதுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

எட்டாவது வீட்டில் பல்பும் எரியவில்லை, புகையும் இல்லை.

பின்கட்டில் சிம்னி விளக்கைப் பிடித்தபடி அவன் மனைவி வீரம்மா குந்தியிருந்தாள். பல்பைக் கழற்றிய இடத்திலிருந்து ஒரு ஒயர் இறங்கி வந்தது. அதன் நுனியில் ஈப்போ டவுனில் வாங்கிய, தண்ணீர் சுட வைக்கும் கம்பிச்சுருள். அது வாளிக்குள் கிடந்தது. வாளியில் ஆவி பறந்தது.

ஒரு வாரமாகத் தோளில் ஊற்றிக்கொண்ட வெந்நீர் எப்படிச் சுட்டது என்று அவன் கேட்டதே இல்லை.

"எஞ்சின் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தானே இருக்கு," என்றாள் வீரம்மா. "ஈர வெறக ஊதி ஊதி என்னால முடியல. ஒங்க தோளுக்கு ஒரு வாளி தண்ணி, அதுல அதுக்கு என்ன வந்துச்சு லா?"

ஊருக்கெல்லாம் சொன்னவன் வீட்டில் மட்டும் சொல்லவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

நவமணி வீட்டைக் கை காட்டினாலும் கிராணி நம்புவார். அதுவும் ஒரு கணம் மனதில் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நவமணி இன்னும் இருமிக்கொண்டிருந்தாள்.

ஒயரைப் பிடுங்கினான். தூரத்தில் எஞ்சின் இலேசானது.

தண்ணீர் ஆறுவதற்குள் குளித்தான். ஒரு சொட்டையும் வீணாக்காமல் தோளிலேயே ஊற்றினான்.

ஈரம் போகத் துவட்டிக்கொண்டு முக்காலியில் ஏறினான். பல்பை அதன் இடத்தில் மாட்டினான். அது எரிந்தது. வீரம்மா சிம்னியை உயர்த்திப் பிடிக்க, பல்புக்கு வந்த கம்பியில் கிராணிக்குக் காட்ட ஒரு சாண் அளவு வெட்டி எடுத்தான்.

பல்பு அணைந்த பிறகும் முக்காலி மேலேயே நின்று காது கொடுத்துக் கேட்டான்.

எஞ்சினில் எந்த மாற்றமும் இல்லை.