பத்து வருஷக் கன்று

"இந்த ஒட்டுச் செண்பகத்தை எடுத்துக்கோங்கம்மா. ரெண்டே வருஷத்துல பூத்துடும்" என்றார் நர்சரிக்காரர்.

"வேணாம் தம்பி. விதையில முளைச்ச கன்னு இருக்கா?"

"இருக்கு. ஆனா அது பூக்கறதுக்குப் பத்து வருஷம் ஆகுமே!"

"அதைத்தான் குடுங்க."

நர்சரிக்காரர் அந்த அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். நட்ட மறுநாளே பூ எங்கே என்று சண்டைக்கு வருகிறவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறார்.

"எம்புள்ள வீட்டுக்கு வரப் பத்து வருஷம் ஆகும். அவன் வர்றப்ப வாசல்ல மொதப் பூ பூத்திருக்கணும்."

"அடேயப்பா! அவ்வளவு நாளா? வெளிநாட்டுல இருக்காராம்மா?"

"இல்ல, உள்ள இருக்கான். ஜெயில்ல. நேத்துதான் தீர்ப்பு சொன்னாங்க."

நர்சரிக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கேட்டுத் தொலைத்த பிறகு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லாமல் எப்படி அனுப்புவது? கன்றின் வேர்மண் உதிராமல் சாக்கைச் சுற்றிக்கொண்டே, "மனசைத் தளர விடாதீங்கம்மா. எந்தப் பாவி பொய்ச்சாட்சி சொன்னானோ, அவன் நல்லாவே இருக்க மாட்டான்" என்றார்.

அந்த அம்மா இரண்டு கைகளையும் நீட்டிக் கன்றை வாங்கிக்கொண்டாள்.

"அந்தப் பாவி நான்தான் தம்பி. ஆனா, நான் சொன்னது பொய் இல்ல."