அச்சு அசல் அப்பா

தலைக்கும் கைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விழுந்தது.

"லேசா எந்திரிங்கக்கா, தலை கையில படணும்" என்றான் போட்டோக்காரன்.

கை தலைக்கு வராது. தலைதான் கைக்குப் போக வேண்டும்.

மண்டியிட்டிருந்தவள் லேசாக எழுந்தாள். கல்யாணப் பட்டு முழங்காலில் சிக்கியது. மாப்பிள்ளை இளம்பரிதி முதலிலேயே விழுந்து கும்பிட்டுவிட்டு, வேர்வையைத் துடைத்தபடி ஓரமாக நின்றான். அவன் வேலை சுலபத்தில் முடிந்துவிட்டது.

நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

சிலிக்கான் அப்பா.

அசல் அப்பா போய் வருஷம் திரும்பிவிட்டது.

சிலையை மதுரையில் செய்து, காரின் முன் சீட்டில் உட்காரவைத்து, சித்தப்பாதான் கூட்டிக்கொண்டு வந்தார். போலீஸ் பிடிப்பார்கள் என்று சீட் பெல்ட்டும் மாட்டியிருந்தார். உயிரோடு இருந்தவரை அப்பா சீட் பெல்ட் போட்டவரில்லை.

காலையிலிருந்து மண்டபமே அந்த நாற்காலியைச் சுற்றித்தான். காதோர நரை, கழுத்து மச்சம், எல்லாம் அச்சு அசல். அத்தை ஒருத்தி கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் வணக்கம் வைத்துவிட்டுப் பதில் வணக்கத்துக்குக் காத்திருந்தார். வரவில்லை. மனுஷன் இன்னும் மாறவே இல்லை என்று பந்தியில் போய்ச் சொன்னாராம்.

அம்மாவை மேடைக்குக் கீழே, தூணோரமாக நிற்கவைத்திருந்தார்கள். புருஷன் இல்லாதவள் மேடை ஏறுவது அவ்வளவு நல்லதில்லையாம்.

புருஷன் மேடையில் இருந்தார்.

அசல் அப்பா இந்தக் கல்யாணத்துக்கு ஒப்பவே இல்லை. பையன்மேல் குறை ஒன்றும் கிடையாது. ஊரில் எல்லா அப்பாக்களுக்கும் இருக்கிற அதே காரணம்தான். மற்றபடி தங்கமான மனிதர்.

சண்டை போடவில்லை. அவளைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துப் பேசினார். செய்தி நேரத்தில் டிவியைப் பார்த்துப் பேசினார். அவள் குறுக்கே போனால் சுவரில் ஏதோ எழுதியிருப்பதுபோல் அங்கே பார்ப்பார்.

இப்போது இந்தக் கை.

ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி ஒரு படம் இருந்தால் அனுப்புங்கள் என்று சிலைக்காரர் கேட்டிருக்கிறார். கற்பனையில் செய்தால் யார் கையோ மாதிரி வந்துவிடுமாம். வீட்டிலிருந்து யாரோ தேடி அனுப்பியிருக்கிறார்கள். அவள் விசாரிக்கவில்லை. அவளுக்குச் சிலையே வேண்டாம் என்றுதான் இருந்தது. அப்பா இல்லாத குறை தெரியக்கூடாது என்று எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். கல்யாண வீட்டில் எல்லாரும் சேர்ந்து சொன்னால், கல்யாணப் பெண் யார் கேட்பதற்கு?

இன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எந்தப் படம் என்று. எடுத்தவளே அவள்தான்.

மாமா மகள் கல்யாணம். பந்தி முடிந்து அப்பாவும் அம்மாவும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். அபூர்வமாக இருக்கிறதே என்று அவள் போனைத் தூக்கினாள்.

அப்பா உள்ளங்கையைத் தூக்கினார்.

வேண்டாம் என்றார்.

விரல் அதற்குள் அமுக்கிவிட்டது.

மறுவாரம் மாரடைப்பு. அவளிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அந்த ஒரு வார்த்தைதான்.

இதோ அதே கை. அதே உள்ளங்கை. கட்டைவிரல் மட்டும் சற்று விலகி. வேறொரு படத்திலிருந்து உதட்டை எடுத்துச் சிரிக்கவைத்திருந்தார்கள். கையில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. ஆசீர்வாதத்துக்குக் கச்சிதமாக இருந்தது.

மண்டபத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மனசார வாழ்த்துகிறார் பாருங்கள் என்று சித்தப்பா எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

அது வாழ்த்து இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

சொன்னால்தான் என்ன? கையை மடக்க முடியாது. அப்படியே வார்த்துவிட்டார்கள்.

"அக்கா, கீழ பாருங்க. கொஞ்சம் பயபக்தியா."

கீழே பார்த்தாள். வேட்டிக்கு வெளியே சிலிக்கான் பாதம். கட்டைவிரல் நகம் ஓரத்தில் கறுத்திருந்தது. அதைக்கூட விட்டுவைக்கவில்லை. அவள் தோள் குலுங்கியது. போட்டோக்காரனுக்கு அது பிடித்துவிட்டது. படபடவென்று எடுத்துத் தள்ளினான்.

யாரோ மேடை ஏறி வந்தார்கள். அம்மா. மற்றவர்கள் தடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் ஏறிவிட்டாள். மகள் தலையில் சரிந்த பூவைச் சரிசெய்வதுபோலக் குனிந்தாள்.

பூ சரியவில்லை.

"அந்தப் படத்தை நான்தான்டி குடுத்தேன்" என்றாள் காதோரமாக.

அம்மா இன்னும் குனிந்தாள்.

"வேண்டாம்னுதான் சொல்றாரு. தெரியும்டி. நீ அவர்கிட்ட இந்தப் பையனைப் பத்திச் சொன்னதுக்கப்புறம் எடுத்த படத்துல எல்லாம் எங்கயோ பாக்குறாரு. இதுல ஒண்ணுலதான் உன்னைப் பாக்குறாரு."

பூவை ஒருமுறை தொட்டுவிட்டு இறங்கிப் போனாள். மறுபடி தூணோரமாக நின்றுகொண்டாள்.

"ரெடியாக்கா? கீழ பாருங்க."

அவள் மெல்ல நிமிர்ந்தாள். நெற்றி உள்ளங்கையில் இடித்தது. முகத்தைச் சற்று விலக்கி, விரல்களுக்கு மேலே அப்பாவின் கண்ணைப் பார்த்தாள்.

"அக்கா, கீழ."

அவள் கீழே பார்க்கவில்லை.