மந்தம்

பதினோரு மணி வெயில் கண்ணாடிச் சுவர் வழியாக மேலாளரின் மேசையில் விழுகிறது. அவருடைய கணினித் திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. எதிரே புதிய செயலியைப் பார்க்க வந்திருக்கும் வாடிக்கையாளர் கைக்கடிகாரத்தைத் திருகுகிறார். வெளியே தன் இருக்கையிலிருந்து, அவருக்குக் கீழே வேலை பார்க்கும் அவள் கண் கொட்டாமல் பார்க்கிறாள். இயங்குதளத்தையும் செயலி எழுதும் கருவிகளையும் எல்லாரும் புதுப்பித்தே ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டவர் இந்த மேலாளர்தான். புதுப்பித்த நாளிலிருந்து ஆமையாகிப்போன தன் கணினியைப் பற்றி அவள் மூன்று முறை முறையிட்டாள். அவரோ ஆண்டு மதிப்பீட்டில் அவளைத்தான் மந்தம் என்று எழுதினார். கைக்கு எட்டிய பதவி உயர்வு வாய்க்கு எட்டவில்லை. வாடிக்கையாளர் வருவது தெரிந்தே, நேற்று மாலை பணிவாகக் கேட்டாள்: “உங்க சிஸ்டம் மட்டும்தான் சார் பாக்கி. அப்டேட் போட்டுடட்டுமா?” “போட்டுடும்மா” என்றார். இப்போது அந்தக் கணினியின் விசிறி இரைவது கதவைத் தாண்டிக் கேட்கிறது. மேலாளர் கதவைத் திறந்து, வியர்த்த முகத்தை மட்டும் வெளியே நீட்டுகிறார். “ஏம்மா, ஆப் திறக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாரேன்.” “இதோ வரேன் சார்” என்கிறாள். பிறகு தேநீர்க் கோப்பையை எடுத்து, நாக்கு சுடாதபடி நிதானமாக ஊதி ஊதிக் குடிக்கிறாள். கண்ணாடிக்கு அப்பால் வாடிக்கையாளர் தன் பையின் ஜிப்பை இழுத்து மூடுகிறார்.