வெயில் குடிக்கும் தங்கச்சி

எதிர் மைதானத்திலிருந்து பறந்து வந்த கோல்ஃப் பந்து விழுந்து சின்ன சோலார் பலகை விரிசல் விட்டுவிட்டது. இன்னொரு பந்து விழுந்தால் தங்கச்சி தூள்தான் என்று பக்கத்துப் பெரிய பலகை பதறினாள்.

“நான் மூடிக்கிறேன்” என்றது தார்ப்பாய்.

“மூடினா அவ வெயிலுக்கு எங்க போவா? பட்டினி கிடப்பா.”

மொட்டைமாடி மூலையில் கிடந்த பழைய மீன்வலை கனைத்தான். “நான் வரட்டாக்கா?”

“உடம்பெல்லாம் ஓட்டை. நீ எதைடா தடுப்பே?”

“வெயிலைத் தடுக்க மாட்டேங்க்கா.”

“அப்போ வாடா” என்றாள் பெரியவள்.

சாயந்திரம் வீட்டுக்கார லூர்து கம்பு நட்டு, பலகைகளுக்கு மேலே வலையை இழுத்துக் கட்டினார். மறுநாள் பந்து வந்தது. தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை, முகத்தில் இளவெயில்தான் விழுந்தது.

பந்தை அந்தரத்திலேயே பிடித்திருந்தான், மீன் நாற்றம் பிடித்த அந்த ஓட்டைத் தம்பி.