இன்னும் கொஞ்சம் தள்ளி

கொடிமலைப் பனிமூட்டத்தில் மோகனராஜ் எடுத்த படங்களை மகள் ரூபினி மடிக்கணினியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் தூரத்தில் ஒரு சிவப்புச் சேலை.

“எல்லாத்துலயும் அம்மாவ நிக்க வச்சிருக்கீங்கப்பா.”

“ஆள் நின்னாத்தான் மலை எவ்வளவு பெருசுன்னு தெரியும்.”

‘இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ’ என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து விரட்டிக்கொண்டே இருப்பார். மனைவி நவமணியும் போவாள். கடைசியில் பனிக்குள்ளிருந்து “போதுமாங்க?” என்று குரல் மட்டும் வரும்.

“கிட்டத்துல எடுத்தது ஒண்ணுகூட இல்லையா?”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு ஹரீஷ் எட்டிப் பார்த்தான். “அக்கா, பெட்டி வந்திருச்சு. படம் ரெடியா? மாலை போடணும் லா.”

ரூபினி மடிக்கணினியை மூடினாள்.

“அம்மாவோட ஐ.சி. அடையாளக் கார்ட எடுங்கப்பா. முகம் தெரியிற படம் அது ஒண்ணுதான்.”